திரும்பி வரும் ரத்தப் புற்றுநோய்: கூட்டு மருந்தை எப்படிச் சோதிக்கிறார்கள்?

தீவிர ரத்தப் புற்றுநோய் என்று தெரியவரும் நாளில் ஒரு பெரியவரின் உடம்பில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோய்ச் செல்கள் இருக்கும். சேர்த்து எடை போட்டால் ஒரு கிலோ அளவுக்கு வரும். கீமோ கொடுத்து, ஒரு மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்து, "பிளாஸ்ட் செல் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டது, ரெமிஷன்" என்று டாக்டர் சொல்கிறார். பிளாஸ்ட் என்பது முதிராத ரத்தச் செல்; ரெமிஷன் என்றால் நோய் அடங்கிய நிலை. வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் சோறு இறங்குகிறது. ஆனால் அதே நாளில் அந்த உடம்பில் நூறு கோடி நோய்ச் செல்கள்கூட மிச்சம் இருக்கலாம். மைக்ரோஸ்கோப்பின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை.

மிச்சம் இருப்பவை சாதாரண மிச்சம் அல்ல, முதல் மருந்துக்குச் சாகாமல் தப்பியவை. மாதங்கள் கழித்து அவை பெருகி மஜ்ஜையில் மறுபடி ஐந்து சதவீதத்தைத் தொட்டாலோ, ரத்தத்தில் பிளாஸ்ட் தெரிந்தாலோ, அதை ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பிவிட்டது என்கிறோம். இன்னொரு வகையும் உண்டு: முழு வீச்சில் இரண்டு சுற்று கீமோ கொடுத்தும் ரெமிஷனே வராத நிலை. அதுதான் மருந்துக்கு மசியாத நோய். இந்த இரண்டு நிலைகளில்தான் புதிய கூட்டு மருந்துகள் பெரும்பாலும் முதலில் சோதிக்கப்படுகின்றன.

இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, நோயாளிக்குக் குணம் தெரிந்தால் போதாதா, இதில் சோதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். இருக்கிறது. சேர்ந்து கிடைத்த பலனில் எந்த மருந்துக்கு எவ்வளவு பங்கு, சேர்ந்து வந்த நஞ்சை அந்த உடம்பு தாங்கியதா, இரண்டாவது மருந்து இல்லாமலே இதே பலன் வந்திருக்குமா? இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் ஒரு கூட்டை நல்லது என்று சொல்லக் கூடாது. கீழே வருவது எல்லாம் இந்த விடைகளைத் தேடும் வழிகள்தான். பேசப்போவது பெரும்பாலும் ஏ.எம்.எல். என்ற மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயைப் பற்றி.

ஏன் ஒன்று போதாது

காசநோய்க்கு ஒரே நேரத்தில் நான்கு மருந்து தருவது நம் ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயம். ஒன்றை மட்டும் கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமி மிஞ்சிப் பெருகிவிடும். ரத்தப் புற்றுநோயிலும் கணக்கு இதுதான். பத்து லட்சம் செல்லில் ஒன்று முதல் மருந்துக்கு அடங்காது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் கோடி செல்லில் அப்படிப்பட்டவை பத்து லட்சம் இருக்கும். இரண்டாவது மருந்துக்கும் அதே விகிதம், ஆனால் தப்பிக்கும் வழி வேறு என்றால், இரண்டுக்கும் அடங்காத செல் மொத்தத்தில் ஒன்றே ஒன்று.

1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் என்ற ஒற்றை மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததை வெளியிட்டார். பத்துப் பேர் தேறினார்கள். ஆனால் அந்தத் தேறுதல் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் இருவரும் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், பிரெட்னிசோன் நான்கையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் குணமாகக்கூடிய நோயானதற்கு அந்த வழிதான் அடித்தளம்.

ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு பெரிய நிபந்தனை ஒளிந்திருக்கிறது: "தப்பிக்கும் வழி வேறு என்றால்". நிஜத்தில் பல நேரம் ஒரே வழி இரண்டு மருந்திலிருந்தும் காப்பாற்றிவிடும். டி.பி.53 என்ற மரபணு கெட்டுப்போன செல் பல மருந்துக்கும் ஒருசேர மசியாது. செல்லின் மேல்தோலில் மருந்தை வெளியே தள்ளும் பம்பு ஒன்று உண்டு. அது ஒரே வேளையில் பல மருந்தை வெளியேற்றும். ஆகவே ஜோடி சேர்ப்பதன் முதல் விதி, இரண்டும் ஒரே வாசலில் காவல் நிற்கக் கூடாது. கூடவே இரண்டின் பக்கவிளைவும் ஒரே உறுப்பில் விழக் கூடாது. ரத்தப் புற்றுநோயில் இந்த இரண்டாவது விதியைக் காப்பாற்றுவது மிகக் கடினம், ஏனென்றால் ஏறக்குறைய எல்லா மருந்தும் மஜ்ஜையைத்தான் அடிக்கிறது.

ஜோடி எப்படி அமைகிறது: வெனெட்டோகிளாக்ஸ்

ஒவ்வொரு செல்லுக்குள்ளும், கெட்டுப்போனால் தானே செத்துப்போக ஓர் ஏற்பாடு உண்டு. பி.சி.எல்-2 என்ற புரதம் அந்த ஏற்பாட்டைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது. நோய்ச் செல்லில் இந்தப் புரதம் மிகுதி. வெனெட்டோகிளாக்ஸ் மாத்திரை அந்தப் பிடியை விடுவிக்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் தனியாக 32 ஏ.எம்.எல். நோயாளிகளுக்கு, பெரும்பாலும் நோய் திரும்பியவர்களுக்கு, கொடுத்துப் பார்த்தபோது 19 சதவீதம் பேருக்குத்தான் பலன், அதாவது ஆறு பேருக்கு. 2016-இல் வெளியான முடிவு இது. காரணம், எம்.சி.எல்-1 என்ற இன்னொரு புரதம் அதே வேலையைத் தொடர்ந்து செய்கிறது. ஒரு கையைத் தட்டிவிட்டால் மறுகை பிடித்துக்கொள்கிறது.

எம்.சி.எல்-1-ஐக் குறைக்கும் துணை தேட வேண்டும். அசாசிட்டிடின் ஊசி அதைச் செய்கிறது. எஃப்.எல்.டி.3 என்ற மரபணு மாறியிருக்கும் நோயாளியிடம் கில்டெரிட்டினிப் மாத்திரை அதைச் செய்கிறது. அந்த மாறிய மரபணுதான் எம்.சி.எல்-1-ஐ ஊட்டி வளர்க்கிறது. இப்படி முதல் மருந்து ஏன் தோற்றது என்ற காரணத்திலிருந்து இரண்டாவது மருந்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்மையான வழி. கையில் இருக்கும் இரண்டு மருந்தைச் சும்மா சேர்த்துப் பார்ப்பதில் பெரும்பாலும் நஞ்சுதான் கூடும்.

லேபில் நடப்பது

குழி குழியாக 384 கிண்ணங்கள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. அதில் நோயாளியின் மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களைப் போடுகிறார்கள். இடமிருந்து வலமாக முதல் மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகும், மேலிருந்து கீழாக இரண்டாவது மருந்தின் அளவு. சதுரங்கப் பலகை மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலவை. 72 மணி நேரம் கழித்து எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று அளக்கிறார்கள்.

இப்போது கணக்கு. முதல் மருந்து தனியாக 40 சதவீதம் செல்லைக் கொல்கிறது, இரண்டாவது தனியாக 50 சதவீதம். ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் வேலை செய்தால் மிஞ்சுவது 0.6 பெருக்கல் 0.5, அதாவது 30 சதவீதம். சாவது 70 சதவீதம். கலவையில் 90 சதவீதம் செத்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கின்றன என்று பொருள். 70 என்றால் வெறும் கூட்டல். 55 என்றால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கிறது. இது பிளிஸ் முறை. இன்னொரு முறை, பாதிச் செல்லைக் கொல்ல எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்ப்பது. தனியாக 100 அளவும் 200 அளவும் தேவைப்பட்ட மருந்துகள், சேரும்போது 20-உம் 40-உம் போதும் என்றால், 20/100 கூட்டல் 40/200, விடை 0.4. ஒன்றுக்குக் கீழே இருந்தால் கைகொடுக்கிறது. 1984-இல் சௌ, தலாலே இருவரும் கொடுத்த இந்தக் குறியீட்டை ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம்.

இந்த எண்ணைக் கண்டு மயங்கக் கூடாது. தவறு நுழையும் இடங்கள் பல. நோயாளியின் செல்கள் உடம்பை விட்டு வெளியே வந்தால் மருந்தே இல்லாமலும் சாகும். ஆகவே மருந்து கலக்காத கிண்ணங்களில் எத்தனை செத்தன என்று ஒவ்வொரு தட்டிலும் தனியாகப் பார்த்தாக வேண்டும். தட்டின் ஓரக் கிண்ணங்களில் நீர் ஆவியாகி மருந்து செறிவாகிவிடும். அதனால் ஓர வரிசைகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கம். அசாசிட்டிடின் 37 டிகிரி சூட்டில் சில மணி நேரத்தில் சிதைந்துபோகும், அதோடு இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்லில்தான் பெரும்பாலும் வேலை செய்யும். மூன்று நாள் சோதனையில் அது உதவாத மருந்து போலத் தெரியும். நோயாளியிடம் மாதக்கணக்கில் நன்றாகவே வேலை செய்யும். வெனெட்டோகிளாக்ஸ் ரத்தத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. கிண்ணத்தில் புரதம் குறைவு. அங்கே துள்ளி விளையாடும் அளவு உடம்பில் கிடைக்கவே கிடைக்காமல் போகலாம். மஜ்ஜையில் நோய்ச் செல்லுக்கு அரணாக நிற்கும் அண்டைச் செல்கள் கிண்ணத்தில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்து எலி. மனித நோய்ச் செல்லை ஏற்கும்படி எதிர்ப்புச் சக்தி நீக்கப்பட்ட எலியில் நோயை வளர்த்து, ஒன்றுமில்லை, முதல் மருந்து, இரண்டாவது மருந்து, இரண்டும் என நான்கு குழுவாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நோய் குறைகிறதா என்று எலி சொல்லும். மனித மஜ்ஜை எவ்வளவு அடி வாங்கும் என்று சொல்லாது.

லேபை இவ்வளவு குறை சொன்ன பிறகு, அது காப்பாற்றிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏ.பி.எல். என்ற தனி வகை ரத்தப் புற்றுநோய்க்கு ஆர்சனிக் ட்ரையாக்சைடு மிக நல்ல மருந்து. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதைப் புதிதாக நோய் கண்ட 72 பேருக்குத் தனி மருந்தாகவே கொடுத்து, 86.1 சதவீதம் பேருக்கு முழு ரெமிஷன் வந்ததை 2006-இல் வெளியிட்டது. நோய் திரும்பும் சிலருக்கு என்ன செய்வது? அங்கே எடுத்த துணை போர்டிசோமிப். ஏட்டறிவு இதை வேண்டாம் என்றுதான் சொல்லும். ஆர்சனிக் நோய்ப் புரதத்தைச் செல்லின் குப்பை எந்திரத்துக்கு அனுப்பி அழிக்கிறது. போர்டிசோமிப் அந்தக் குப்பை எந்திரத்தையே நிறுத்தும் மருந்து. ஒன்றை ஒன்று வெட்ட வேண்டும். லேபில் சேர்த்தபோது நோய்ச் செல்கள் கூடுதலாகச் செத்தன. குப்பை எந்திரம் அடைபட்டால் செல் தன்னைத் தானே தின்று செரிக்கும் வேறு பாதையில் அந்தப் புரதம் அழிகிறது என்பது பிறகு தெரிந்தது. அதன் பின்புதான் நோய் திரும்பியவர்களிடம் அந்தக் கூட்டு சோதிக்கப்பட்டது. ஏட்டை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஜோடி கிண்ணத்துக்கே வந்திருக்காது.

எவ்வளவு கொடுக்கலாம்: மூன்று மூன்று பேராக

மனிதருக்குக் கொடுக்கும் முதல் கட்டத்தின் நோக்கம் குணப்படுத்துவது அல்ல என்பதை நோயாளியின் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். எந்த அளவு வரை உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பதுதான் அதன் வேலை.

பழைய முறை எளிது. மூன்று பேருக்கு ஓர் அளவு கொடுக்கிறார்கள். 28 நாளில் ஒருவருக்கும் கடும் நச்சு விளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு மேல் அளவு. ஒருவருக்கு வந்தால் இன்னும் மூவரை அதே அளவில் சேர்ப்பார்கள். ஆறில் ஒருவரோடு நின்றால் மேலே போகலாம். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் நிறுத்திக் கீழே இறங்க வேண்டும். இது எவ்வளவு நம்பகமானது? உண்மையில் பாதிப் பேரைக் கடுமையாகப் பாதிக்கும் ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். மூன்று பேரில் ஒருவருக்கும் வராமல் போக வாய்ப்பு 12.5 சதவீதம். ஒருவருக்கு வந்து, அடுத்த மூவருக்கு வராமல் போக 4.7 சதவீதம். ஆக, பாதிப் பேரைச் சாய்க்கும் அளவு 17 சதவீத வாய்ப்பில் 'பாதுகாப்பானது' என்று தேறிவிடும். ஆறு பேரில் கிடைக்கும் அறிவுக்கு உள்ள எல்லை அதுதான். இதனால்தான் இப்போது பல சோதனைகளில், சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேருக்கு நச்சு விளைவு வந்தது என்று ஒவ்வொரு முறையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 24-க்குக் கீழே என்றால் ஏற்று, 36-க்கு மேலே என்றால் இறக்கு, நடுவில் என்றால் அங்கேயே நில் என்கிற புதிய முறையைப் பின்பற்றுகிறார்கள். முப்பது சதவீதத்தை இலக்காக வைத்த கணக்கு அது.

இரண்டு மருந்து வந்ததும் இன்னொரு சிக்கல். ஒரே மருந்தில் 200 மி.கி.யைவிட 400 நச்சு கூடியது என்று உறுதியாகச் சொல்லலாம். முதல் மருந்து 200, இரண்டாவது 120. அல்லது முதல் மருந்து 400, இரண்டாவது 80. இதில் எது கடுமை? முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஏணி இப்போது கட்டம் போட்ட தரையாகிவிட்டது. நடைமுறையில் ஒரு மருந்தைத் தெரிந்த அளவில் நிறுத்தி வைத்து மற்றதை மட்டும் நகர்த்துவார்கள்.

எது 'கடும் நச்சு விளைவு' என்று எழுதி வைப்பதும் இந்த நோயில் எளிதல்ல. வெள்ளணு குறைந்துபோவது மருந்தாலா, நோயாலா? மஜ்ஜை முழுக்க நோய் அடைத்திருக்கும்போதும் நல்ல வெள்ளணு குறைவாகத்தான் இருக்கும். அதனால் மஜ்ஜையில் நோய் தீர்ந்த பிறகும், 42-ஆவது நாள் தாண்டியும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை 500-க்குக் கீழே கிடந்தால் அதை மருந்தின் மேல் எழுது என்பது போன்ற வரையறை வைக்கிறார்கள்.

முதல் 28 நாள், அருகில் நின்று பார்த்தால்

வெனெட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் ஜோடியை எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன் வெள்ளணு எண்ணிக்கை 25,000-க்குக் கீழே வர வேண்டும்; கூடுதலாக இருந்தால் ஹைட்ராக்ஸியூரியா கொடுத்து இறக்குவார்கள். முதல் நாள் 100 மி.கி., இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் முதல் 400. அசாசிட்டிடின் உடல் பரப்பு சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் ஏழு நாள். படியேற்றிக் கொடுக்கக் காரணம் உண்டு. கோடிக்கணக்கில் செல்கள் ஒரே நேரத்தில் உடைந்தால் அவற்றின் உள்ளே இருக்கும் பொட்டாசியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம் எல்லாம் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைபடும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் முன்னதாகவே யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால், நிறைய திரவம். ஒவ்வொரு படி ஏறியதும் 6 முதல் 8 மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்; கடைசிப் படிக்கு 24 மணி நேரம் கழித்து இன்னொரு முறை. இரவு பத்து மணிக்கு வந்து ரத்தம் எடுக்கும் நர்ஸ் மீது நோயாளிக்கு எரிச்சல் வரும். அந்த எட்டாவது மணி நேரப் பொட்டாசியம்தான் அவர் உயிரைக் காப்பது.

மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போடுவதற்கும் சாப்பிட்டுவிட்டுப் போடுவதற்கும் ரத்தத்தில் சேரும் அளவு மூன்று முதல் ஐந்து மடங்கு மாறும். வாந்தி பயத்தில் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கும் நோயாளி உண்மையில் 400 மி.கி. எடுக்கவில்லை. சோதனை ஏட்டில் 400 என்றுதான் பதிவாகும். கிரேப்ஃப்ரூட், ஸ்டார் ஃப்ரூட் போன்ற பழங்கள் எதிர்த்திசையில் வேலை செய்யும்; கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அளவை ஏற்றிவிடும்.

அதே நொதியை இன்னும் வலுவாகத் தடுப்பது பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்து. வெள்ளணு இல்லாதவருக்கு அது தேவை, நிறுத்த முடியாது. போசகோனசோல் சேர்த்தால் வெனெட்டோகிளாக்ஸை 400-லிருந்து 70 மி.கி.க்கு இறக்க வேண்டும். மறந்தால் நோயாளி எடுப்பது பல மடங்கு மருந்து. வெள்ளணு வாரக்கணக்கில் எழாது. கூட்டு மருந்துச் சோதனைகளில் மூன்றாவது மருந்தாக ஒளிந்து நின்று முடிவைக் கெடுப்பது பல நேரம் இதுதான். கூட்டு நஞ்சாக இருந்ததா, பூஞ்சை மருந்தைக் கணக்கில் எடுக்காததா என்று பிறகு பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

வெள்ளணு இல்லாத நாட்களில் ஒரு முறை 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே, அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நின்றாலே, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வேண்டும். "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டதால் இழந்த உயிர்கள் உண்டு. கில்டெரிட்டினிப் போன்ற மருந்தோடு சேர்க்கும்போது காய்ச்சலுக்கு வேறொரு காரணமும் வரும்: நோய்ச் செல்கள் சாகாமல் திடீரென்று முதிர்ந்து நுரையீரலில் போய் அடைவது. மூச்சுத் திணறல், எடை ஏறுதல், வீக்கம். பார்க்கத் தொற்று போலவே இருக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சந்தேகம் வந்த உடனே தொடங்க வேண்டும். உறுதியாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாத முடிவில், 21-ஆம் நாளுக்கும் 28-ஆம் நாளுக்கும் இடையில், மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பு எலும்பில் ஊசி போட்டு இழுக்கும்போது முதல் இழுப்பில் வருவதுதான் நிஜ மஜ்ஜை. அடுத்தடுத்து இழுத்தால் ரத்தம் கலந்து நீர்த்துவிடும், பத்தாயிரம் செல்லில் ஒளிந்திருக்கும் ஒரு நோய்ச் செல்லைத் தேடும் சோதனைக்கு அது உதவாது. எந்தக் குப்பிக்கு முதல் இழுப்பு என்று அறைக்குள் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். நோய் தீர்ந்திருந்தால் வெனெட்டோகிளாக்ஸை நிறுத்தி, அணுக்கள் எழும் வரை இரண்டு வாரம் பொறுப்பார்கள். அடுத்த சுற்றில் 28 நாளை 21 ஆக்குவார்கள். தீரவில்லையென்றால் வெள்ளணு குறைவாக இருந்தாலும் தொடர்வார்கள். இந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போட்டால் இரண்டில் எந்தத் தவறு நடக்கிறது என்றே தெரியாது.

75 சதவீதம் என்பதை எப்படிப் படிப்பது

வெனெட்டோகிளாக்ஸும் கில்டெரிட்டினிபும் சேர்ந்த கூட்டை, நோய் திரும்பிய அல்லது மசியாத 61 பேரிடம் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். அதில் 56 பேருக்கு எஃப்.எல்.டி.3 மாற்றம் இருந்தது. அவர்களில் 75 சதவீதம் பேருக்குப் பலன். செய்தியில் வரும் எண் அது.

உடைத்துப் பார்ப்போம். முழு ரெமிஷன் என்றால் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே, நியூட்ரோஃபில் 1,000-க்குக் குறையாமல், பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் குறையாமல். அந்தக் கறாரான அளவில் தேறியவர்கள் 18 சதவீதம். பிளேட்லெட் மட்டும் எழாதவர்கள் 18. பொதுவாக அணுக்கள் சரியாக எழாதவர்கள் 4. மீதி 36 சதவீதம் பேருக்கு மஜ்ஜையில் நோய் தெரியவில்லை, ஆனால் நல்ல அணுக்களும் எழவில்லை. நிலத்தில் களை எடுத்தாயிற்று, பயிர் முளைக்கவில்லை. நான்கையும் ஒரே எண்ணில் அடைத்தால் 75 (தசமங்களை முழு எண்ணாக்கியதால் இங்கே கூட்டினால் 76 வரும்). பக்கவிளைவால் வெனெட்டோகிளாக்ஸை இடையில் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வந்தவர்கள் 51 சதவீதம், கில்டெரிட்டினிபை அப்படி நிறுத்த வேண்டி வந்தவர்கள் 48 சதவீதம்.

அதற்காக இந்த முடிவு மோசம் என்று ஆகாது. நோய் தீர்ந்த அந்தச் சிறு இடைவெளியில் வேறொருவரின் மஜ்ஜையை மாற்றி வைக்க முடிந்தால் அணுக்கள் எழாததும் தடையல்ல. எண்ணின் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்து படிக்க வேண்டும், அவ்வளவே.

இந்தச் சோதனையில் சராசரி ஆயுள் 10 மாதம். இங்கே 'சராசரி' என்பது பாதிப் பேர் தாண்டிய காலம். கில்டெரிட்டினிப் தனியாக 120 மி.கி. கொடுத்து, வழக்கமான கீமோவோடு ஒப்பிட்ட 371 பேர் சோதனையில் அது 9.3 மாதம், கீமோவில் 5.6 மாதம். பத்துக்கும் ஒன்பதேகாலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அப்படியென்றால் வெனெட்டோகிளாக்ஸ் வீணா? அப்படிச் சொல்ல முடியாது. முதல் சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே எஃப்.எல்.டி.3-ஐத் தடுக்கும் மருந்து எடுத்துத் தோற்றவர்கள். இரண்டாவதில் அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலரே. இரண்டு வேறு சோதனையின் எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் இதுதான் ஆபத்து. ஒரே காலத்தில், ஒரே மாதிரி நோயாளிகளை, குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்தால்தான் இரண்டாவது மருந்தின் பங்கு தெரியும்.

குலுக்கல் ஏன்

வெனெட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் கூட்டு அந்த வழியில்தான் நிலைபெற்றது. கடும் கீமோவைத் தாங்க முடியாத, புதிதாக நோய் கண்ட 431 பேர். எல்லோருக்கும் அசாசிட்டிடின், மூவரில் இருவருக்கு வெனெட்டோகிளாக்ஸ், ஒருவருக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. ஆயுள் 14.7 மாதம், வெற்று மாத்திரைக் குழுவில் 9.6. 2020-இல் வந்த முடிவு. அந்த ஐந்து மாதம் வெனெட்டோகிளாக்ஸ் தந்தது என்று சொல்ல இப்போது உரிமை உண்டு. ஆனால் இவர்கள் புது நோயாளிகள். நோய் திரும்பியவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே தூக்கிக் கொடுப்பது தவறு.

எதிர்ப்பக்க உதாரணம் மேக்ரோலிமாப். "என்னைத் தின்னாதே" என்று நோய்ச் செல் காட்டும் சிடி-47 என்ற அடையாளத்தை மறைக்கும் ஆன்டிபாடி. அசாசிட்டிடினோடு சேர்த்த தொடக்கச் சோதனைகள், குலுக்கல் இல்லாதவை, பெரிய நம்பிக்கை தந்தன. குலுக்கல் வைத்துப் பெரிய சோதனைகள் வந்தன. முதலில் ஒன்று பலனில்லை என்று 2023-இல் நின்றது, பிறகு இன்னொன்று. வெனெட்டோகிளாக்ஸ், அசாசிட்டிடின் இரண்டோடும் இதைச் சேர்த்த மூன்றாவது சோதனை 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. பலன் கூடவில்லை, தொற்றாலும் மூச்சுச் செயலிழப்பாலும் இறப்பு கூடியிருந்தது. எதிரே ஒப்பிட ஒரு குழு இல்லாமல் இருந்திருந்தால், அந்த இறப்புகளை "நோய் முற்றிவிட்டது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். வெற்று மாத்திரைக் குழுவில் விழுவோமோ என்று பயப்படும் குடும்பத்திடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டும்: சில நேரம் கூடுதல் மருந்து இல்லாத பக்கம்தான் பத்திரமான பக்கம்.

மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்களைக் எப்படிக் கணக்கில் வைப்பது என்பதும் சோதனைத் திட்டத்தை எழுதும் முன் தீர்க்க வேண்டிய ஒன்று. மஜ்ஜை மாற்றத்துக்குப் போனவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தால் அது கூட்டின் பலனா, மாற்றின் பலனா? "மாற்றுக்குப் போனவர், போகாதவர்" என்று பிரித்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். மாற்று நாள் வரை பிழைத்திருந்தவர்தானே மாற்றுக்கே போக முடியும். குலுக்கிய நாளிலிருந்து, குலுக்கிய குழுவாகவே எண்ணுவதுதான் சரி.

கையெழுத்து போடும் முன்

இந்தியாவில் இப்படியொரு சோதனையில் சேரச் சொன்னால், அது சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகளின்படி, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை உண்டு. கடுமையான பாதிப்பு நேர்ந்தால் டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

கேட்க வேண்டிய கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இது எந்தக் கட்டம்? எனக்குத் தரப்போகும் அளவை இதற்கு முன் எத்தனை பேர் எடுத்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது? இந்த இரண்டு மருந்தில் ஒன்றை நான் முன்பே எடுத்துத் தோற்றிருக்கிறேனா? மரபணுப் பரிசோதனை நோய் திரும்பிய பிறகு மறுபடி எடுத்ததா, இல்லை முதல் முறை எடுத்த பழைய ரிப்போர்ட்டா? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. எஃப்.எல்.டி.3 போன்ற மாற்றம் முதலில் இல்லாமல் பிறகு வருவதும், இருந்தது போய்விடுவதும் உண்டு. பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து தேர்ந்தெடுத்தால், இப்போது இல்லாத எதிரியைச் சுடுவதாக முடியும்.

தினமும் எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியலும், சித்த மருந்து, சத்து மாத்திரை உட்பட, அதே தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும். பூஞ்சை மருந்தின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள். புதிதாக யார் எந்த மருந்து எழுதினாலும், மாத்திரை வாங்கப் போகும் முன் அந்தத் தாளைச் சோதனை நடத்தும் குழுவிடம் ஒரு முறை காட்டுங்கள்.